வன்னிக்கு வேலைக்கு வருகிறீர்களா? உடம்புக்கும் மனதுக்கும் முதல் மாதத்திலேயே செய்து வைக்க வேண்டியவை

முல்லைத்தீவு மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து நன்றாக உள்ளே போகவேண்டிய ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்தேன். இப்போது நான்காவது வருடம் நடக்கிறது. முதல் வருடம் மூன்றாம் தவணையில் ஒரு நாள், காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்கு நடக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 170/110. எனக்கு அப்போது 38 வயது.

அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே பின்மண்டையில் தலையிடி இருந்தது. இரவில் இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு, வெயிலும் பஸ் பயணமும்தான் காரணம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். இந்தப் பக்கம் வைத்திய வசதி இல்லை, விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்றும் நினைத்திருந்தேன். அது பிழையான எண்ணம். வசதி இருந்தது, பெரும்பாலும் இலவசமாகவே இருந்தது. எந்த நாள், எந்தக் கொப்பியோடு, யாரிடம் போவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. புதிதாக வரும் ஆசிரியர்கள், அலுவலர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், கலியாணம் முடித்து இங்கே குடிவருபவர்கள் எல்லாருக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

1. புறப்படுமுன் ஒரு கோவை தயார்செய்யுங்கள்

ஏற்கெனவே பிரஷர், சுகர், தைரொயிட், ஆஸ்துமா என்று ஏதாவது இருந்தால், இப்போது போகும் கிளினிக்கிலேயே ஒரு கடிதம் கேளுங்கள். "வேலை மாறிப் போகிறேன், அங்கே காட்டுவதற்கு எழுதித் தாருங்கள் டொக்டர்" என்று சொன்னால் போதும். ஒரு மாதத்துக்குத் தேவையான மருந்தையும் கையோடு கொண்டுவாருங்கள். புதிய இடத்தில் பதிவுசெய்து முதல் மருந்து கைக்கு வர எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

கோவைக்குள் இருக்கவேண்டியவை: அடையாள அட்டையின் பிரதி, பழைய கிளினிக் கொப்பி, கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள், எப்போதாவது வார்டில் இருந்திருந்தால் வீட்டுக்கு விடும்போது தந்த அட்டை. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதன் பெயரை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் என் கூரை ஒழுகி ஒரு கட்டுத் தாள் ஊறிப்போனது. படங்கள் இருந்ததால் தப்பினேன்.

மருந்தைப் பெயர் எழுதாத சொப்பிங் பைக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள். "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்றால் எந்த டொக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. அட்டையோடு, அல்லது பெயரும் அளவும் எழுதிய உறையோடு கொண்டுவாருங்கள்.

2. முதல் கிழமையில் மூன்று விசயங்களை விசாரியுங்கள்

முதலாவது, உங்கள் அறைக்குக் கிட்டிய அரச வைத்தியசாலை எது, இரவில் அங்கே டொக்டர் நிற்பாரா என்பது. இரண்டாவது, அதற்கு அடுத்த பெரிய வைத்தியசாலை. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, முழங்காவில், செட்டிகுளம் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. மாவட்டப் பொது வைத்தியசாலைகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரில் உள்ளன. முல்லைத்தீவு வைத்தியசாலையை இங்கே மாஞ்சோலை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஓட்டோக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் யார் என்பது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் குடும்பநல உத்தியோகத்தர் என்று நான் நினைத்திருந்தேன். எந்தக் கிளினிக் எந்த நாளில் என்பதை எனக்குச் சரியாகச் சொன்னவர் அவர்தான். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் பெயரும் நம்பரும் உடனே கிடைக்கும்.

சாதாரணக் காய்ச்சல், தடிமனுக்கு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். உள் வீதிகளில் கடைசி பஸ் நேரத்தோடேயே போய்விடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் முதல் கிழமையிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

3. நோய் இல்லாதபோதே ஒரு முழுப் பரிசோதனை

இதற்கென்று அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை முதன்மையாக வைத்து நடத்துகிறார்கள். உயரம், நிறை, பிரஷர், இரத்தத்தில் சீனி, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். காசு இல்லை. அடையாள அட்டையோடு போனால் போதும்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். காலையில் வெறும் தண்ணீர் மட்டும். நான் முதல்முறை போனபோது பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனேன். "இன்றைக்கு எடுக்க முடியாது, அடுத்த முறை வாங்கோ ரீச்சர்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் லீவும் போக்குவரத்துக் காசும் வீண். பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பஸ்ஸால் இறங்கி ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டினால் கூடத்தான் காட்டும். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பயப்படாதீர்கள், வேறொரு நாளும் பார்த்த பிறகே முடிவுசெய்வார்கள். ஆனால் அந்த இரண்டாவது நாளுக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள்.

சிறுநீரகத்துக்கான பரிசோதனையையும் கேளுங்கள். வவுனியாப் பக்கத்திலும் அதைச் சுற்றிய வரண்ட பகுதிகளிலும், சுகரும் பிரஷரும் இல்லாதவர்களுக்கே சிறுநீரகம் பழுதாகும் நோய் இருக்கிறது. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. இரத்தத்தில் கிரியற்றினின் அளவும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்தால் போதும்.

பெண்களுக்கு ஒரு தனி வார்த்தை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்கிறார்கள், மார்பகத்தையும் பார்க்கிறார்கள். வெட்கப்பட்டு நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். உள்ளே போய் வெளியே வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திகதியைக் குடும்பநல உத்தியோகத்தரிடமே கேளுங்கள்.

இதே பரிசோதனைகளை ஒருமுறை நான் தனியாரில் செய்தேன். டொக்டர் கட்டணமும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்து 6,500 ரூபா போனது, ஓட்டோக் காசு வேறு. அவசரம் என்றால் சரி. மாதாமாதம் போகவேண்டிய நோய்க்கு அது சம்பளத்தைத் தின்றுவிடும்.

4. கிளினிக்கில் பதிவு: இங்கேதான் நான் அதிகம் அலைந்தேன்

கிளினிக்குக்கு நேராகப் போய் நின்றால் எடுக்கமாட்டார்கள். முதலில் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து டொக்டரைப் பார்க்கவேண்டும். அவர் கிளினிக்குக்கு எழுதுவார். அந்தத் துண்டோடு கிளினிக் நாளில் போனால் கொப்பி போட்டு, நம்பர் தந்து, அடுத்த திகதி எழுதுவார்கள். பழைய ஊர்க் கடிதம் இருந்தால் இது சுருங்கும். அந்தக் கடிதம் இல்லாமல் நான் மூன்று தடவை போனேன்.

ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு நாள். பிரஷர் கிளினிக் செவ்வாய் என்றால் புதன்கிழமை போய் எவ்வளவு கெஞ்சினாலும் மருந்து கிடைக்காது. கிளினிக் நாள் போயாவிலோ பொங்கல், தீபாவளியிலோ விழுந்தால் முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றிப் போடுவார்கள். திகதி எழுதித் தரும்போதே கலண்டரைப் பார்த்து, "மிஸ், அன்றைக்கு லீவு நாள்போல இருக்கு" என்று கேட்டுவிடுங்கள்.

காலை ஆறரைக்கே ஆட்கள் வரிசைக்கு வந்துவிடுவார்கள். வயதான அம்மாக்கள் தூரக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார்கள். ஏழு மணிக்குப் போனால் எனக்குப் பதினொன்று, பதினொன்றரைக்கு மருந்து கையில் இருக்கும். ஒன்பது மணிக்குப் போனால் மதியம் தாண்டும். தண்ணீர்ப் போத்தலும் சாப்பிட ஏதாவதும் கொண்டுபோங்கள். சில மருந்துகள் கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியே வாங்க எழுதித் தருவார்கள். அதற்கென்று மாதம் 1,500 ரூபாவை நான் தனியே எடுத்து வைக்கிறேன். ஒரு மாதம் தேவைப்படாது, இன்னொரு மாதம் முழுவதும் போய்விடும்.

வேலைக்குப் போகிறவர்கள் கிளினிக்குக்கு வந்ததற்கான துண்டை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். லீவு எழுத அது வேண்டும். அடுத்த நாள் போய்க் கேட்டால் இன்னொரு வரிசையில் நிற்க நேரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, பிரஷர் இறங்கியதும் குளிசையை நிறுத்துவது. நானும் நிறுத்தினேன். தலையிடி இல்லை, பிறகு ஏன் குளிசை என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. பிரஷர் இறங்கி நிற்பது குளிசையால்தான். குறைப்பதோ நிறுத்துவதோ டொக்டர் சொல்லித்தான் செய்யவேண்டும்.

5. மனதுக்கும் ஒரு கிளினிக் இருக்கிறது

பிரஷர் கட்டுப்பட்ட பிறகும் எனக்கு நித்திரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஊரிலிருந்து பஸ் ஏறும்போதே நெஞ்சுக்குள் பதகளிப்பு தொடங்கிவிடும். அறைக்கு வந்து விளக்கைப் போட்டால் அழுகை வரும். என்ன காரணம் என்று எனக்கே சொல்லத் தெரியாது. கொப்பி திருத்த உட்கார்ந்தால் ஒரே பக்கத்தை நாலு தரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் சொன்னால் பயப்படுவா. பாடசாலையில் சொன்னால் "விசர்" என்ற சொல் ஒட்டிக்கொள்ளும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படியே ஆறு மாதம் போனது.

நீங்கள் அந்த ஆறு மாதத்தைக் காத்திருக்கவேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் மாறி, முன்பு விருப்பமாகச் செய்த எதிலும் மனம் போகாமல் இருந்தால் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. போக இரண்டு கதவுகள் உண்டு.

ஒன்று, பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர். இலவசம். டொக்டரின் கடிதம் வேண்டாம். அவர்கள் வெளிக்களத்துக்கும் போவதால் முதலில் போன் எடுத்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வீட்டுப் பிரச்சினை, தனிமை, இழப்பு, வேலையிட நெருக்கடி என்று வாய்விட்டுக் கதைக்கவேண்டிய எதற்கும் இங்கே போகலாம்.

மற்றது, மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. வெளி வைத்தியசாலைகளிலும் குறித்த நாள்களில் மனநலக் கிளினிக் நடத்துகிறார்கள், அந்த நாளை வெளிநோயாளர் பிரிவில் விசாரியுங்கள். நான் போனபோது டொக்டர் அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு என் கதையை ஒருவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கே காத்திருந்தவர்களில் கடை வைத்திருப்பவர், பல்கலைக்கழகப் பிள்ளை, கமக்காரர், பேரனோடு வந்த அம்மம்மா என்று எல்லாரும் இருந்தார்கள்.

மருந்து தந்தால் சில விசயங்களை நினைவில் வையுங்கள். மனச்சோர்வுக்கான குளிசை வேலைசெய்ய இரண்டிலிருந்து நான்கு கிழமை எடுக்கும். முதல் கிழமையில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது, பிறகு அது போய்விட்டது. ஒன்றும் மாறவில்லையே என்று பத்தாம் நாளில் விட்டுவிடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தவும் வேண்டாம், படிப்படியாகத்தான் குறைப்பார்கள். உங்கள் கொப்பி உங்களிடமே இருக்கும். நான் காட்டாதவரை என் பாடசாலையில் யாருக்கும் தெரியவில்லை. பின்னர் நானே இரண்டு சக ஆசிரியைகளிடம் சொன்னேன். அவர்களில் ஒருவர் அடுத்த மாதம் என்னோடு வந்தார்.

"நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள். தனியே போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். 1333 என்ற உளவளத்துணை இலக்கத்துக்கும் காசில்லாமல் எடுக்கலாம். வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் இருந்தால், அவற்றை வேறொரு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மனம் நொந்திருக்கும் வேறு யாரும் உங்கள் வீட்டில் இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் புதிதாக வருபவர்கள் தெரிந்திருக்கவேண்டும். இங்கே போரில் இழப்பு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிள்ளைகளும் பெற்றோரும் தங்கள் கதையைச் சொல்வார்கள். கேளுங்கள், ஆனால் நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள். போர் முடிந்த மே மாதம் பலருக்கு மிகவும் பாரமான மாதம், அப்போது பாடசாலைக்கு வராமல் நின்றால் காரணம் கேட்டு வருத்தவேண்டாம். கேட்கும் உங்களுக்கும் அது பாரமாகும். அப்படிக் கேட்ட நாள்களில் நான் இரவு தனியே இருப்பதில்லை. வீட்டுக்கார அம்மாவின் குசினியில் போய் உட்கார்ந்து தேங்காய் திருவிக் கொடுப்பேன்.

6. தண்ணீர், வெயில், சாப்பாடு

இருக்கப்போகும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கேத்திலில் வெள்ளையாகப் படிந்தால் தண்ணீர் கடுமையானது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் கரைந்திருக்கும் புளோரைட் கொதிப்பதால் போய்விடாது. பல கிராமங்களில் வடிகட்டிய குடிநீர் நிலையங்கள் இருக்கின்றன. நான் இரண்டு கேன்களில் மாறிமாறி எடுக்கிறேன். கேனைக் கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருந்து குடித்தால் போதாது. பெண் ஆசிரியைகள் மலசலகூட வசதியை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன், நானும் அப்படி இருந்தவள்தான். சிறுநீர்க் கிருமித்தொற்று வந்து ஒரு கிழமை படுத்தேன். அதிபரிடம் சேர்ந்து போய்க் கதைத்து அந்த வசதியைச் சரிசெய்வது நல்லது.

சாப்பாட்டில் ஒன்றைத்தான் சொல்வேன்: இரவுக் கொத்தைக் குறையுங்கள். தனி அறை வாழ்க்கையில் கடைக்கொத்தும் பரோட்டாவும் பழகிவிடும், உப்பும் எண்ணெயும் அதில்தான். முருங்கையிலை வேலியிலேயே இருக்கிறது, குளத்து மீன் சந்தியில் கிடைக்கிறது, குரக்கன்மா எந்தக் கடையிலும் உண்டு.

7. நடை

காலையில் விடிந்த பிறகு குளக்கட்டில் அரை மணித்தியாலம் நடப்பதைவிட எனக்கு ஒத்துக்கொண்ட மருந்து இல்லை. ஆனால் எந்தக் குளக்கட்டு என்று ஊராரிடம் கேட்டுப் போங்கள். சில பகுதிகளில் யானை விடியற்காலையிலும் நிற்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ கட்டிய நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள், கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. குறுக்குப் பாதை பிடிக்காமல், ஆட்கள் தினமும் போய்வரும் பாதையிலேயே நடங்கள்.

8. மழை தொடங்கினால்

ஐப்பசியிலிருந்து தை வரை மூன்று பயம். காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நினைத்தே நடங்கள். பரசிற்றமோல் மட்டும் போடலாம். புரூபன், டிஸ்பிரின், வோல்ட்டரின் எதுவும் தொடவேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் பார்க்கவேண்டும். வயிற்றுவலியோ விடாத சத்தியோ இருந்தால் அதுவரையும் பார்த்திருக்காமல் போங்கள்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல். விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், தகுதியானவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகத் தருவார்கள். கிழமைக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு. கர்ப்பிணிகள் போடக்கூடாது.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த காலையோ கையையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவேண்டாம், தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் போதும். இரவில் முற்றத்துக்கு இறங்கவும் ரோச் இல்லாமல் போகாதீர்கள்.

9. கதவில் ஒட்ட ஒரு தாள்

1990 இலவச அம்புலன்ஸ். வன்னியில் வீட்டு இலக்கம் சொல்லி யாரும் வந்துசேர முடியாது. அதனால் பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்புவது, எந்தப் பாடசாலை, எந்தக் கோயில், எந்தக் குளம் என்று வழியை நாலு வரியில் எழுதி இலக்கத்துக்குக் கீழே ஒட்டுங்கள். பதட்டத்தில் வாய்க்கு வராது, தாளைப் பார்த்து வாசிக்கலாம். வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது என்றும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் கிணற்றடியில்தான் கிடைக்கும். 1926, பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929, கிட்டிய வைத்தியசாலை, இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவர், உங்கள் வீட்டார் ஒருவர் ஆகிய இலக்கங்களையும் சேருங்கள். மருந்தின் பெயரும் அளவும் கடைசியில்.

ஒட்டிய பிறகு வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதையும் அவவுக்குக் காட்டி வையுங்கள்.